ஓய்வு பெற்றவர்கள் - ஜாக்கிரதை!

சகோதரிகளே, ஒரு வகைக் கதை இருக்கிறது. அதை எந்த ஊர்க்காரர் எடுத்தாலும் ஜனங்கள் கைதட்டிப் பார்க்கிறார்கள். கதை இவ்வளவுதான். ஒரு பெரியவர். தலை நரைத்துவிட்டது. உத்தியோகத்திலிருந்து ஓய்வு பெற்று, செடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டும், கடைக்குப் போய்க் கொத்தமல்லிக் கட்டு வாங்கிக்கொண்டும், "நீங்க சும்மா உக்காருங்க" என்ற பேச்சைத் தினமும் நாலு தடவை கேட்டுக்கொண்டும் காலம் தள்ளுகிறார். ஒருநாள் ராத்திரி எதிரிகள் வீட்டுக்குள் புகுந்துவிடுகிறார்கள். எல்லோரும் அலறும்போது, பெரியவர் மட்டும் நிதானமாக மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைக்கிறார். அப்புறம் பார்க்க வேண்டுமே! அவர் ஒரு காலத்தில் அரசாங்கத்தின் ரகசிய உளவாளியாம். வந்தவர்கள் பாடு திண்டாட்டம்தான்.

நமக்கு இதில் ஏன் இவ்வளவு சந்தோஷம்? நமக்கும் துப்பாக்கிக்கும் என்ன சம்பந்தம்? கத்தரிக்காய் நறுக்கும் கத்தியைத் தவிர வேறு கத்தியை நான் தொட்டதில்லை. ஆனாலும் இந்த மாதிரிப் படம் டி.வி.யில் வந்தால் குக்கரை இறக்கி வைத்துவிட்டு வந்து உட்கார்ந்துவிடுகிறேன். எனக்குத் தோன்றிய காரணத்தை இந்த இதழில் சொல்லப் பார்க்கிறேன்.

இந்த வகையில் பேர் வாங்கிய ஆங்கிலப் படம், 2010ல் வந்த 'ரெட்'. ராபர்ட் ஷ்வென்ட்கே டைரக்ட் செய்தது. ஒரு சித்திரக் கதைப் புத்தகத்திலிருந்து எடுத்தார்கள். 'ரெட்' என்றால் இங்கே சிவப்பு என்று அர்த்தமில்லை. 'ஓய்வு பெற்றவர், மிகவும் அபாயமானவர்' என்று பொருள் தரும் ஆங்கில வார்த்தைகளின் முதல் எழுத்துக்கள். அரசாங்க ஃபைலில் அப்படி முத்திரை குத்தி வைத்திருப்பார்களாம்!

அதில் புரூஸ் வில்லிஸ், ஃபிராங்க் என்ற ஓய்வு பெற்ற உளவாளி. தனிக்கட்டை. பெரிய வீடு, பேச ஆளில்லை. என்ன செய்கிறார் தெரியுமா? மாதாமாதம் தபாலில் வரும் பென்ஷன் செக்கைக் கிழித்துப் போட்டுவிடுகிறார். எதற்கு? 'செக் வரவில்லை' என்று பென்ஷன் ஆபீஸுக்குப் போன் போட்டு, அங்கே வேலை பார்க்கும் பெண்ணிடம் நாலு வார்த்தை பேசலாமே என்றுதான்! சிரிப்பு மூட்டுகிற காட்சிதான். ஆனால் சிரித்து முடித்தபிறகு மனசில் ஒரு ஓரம் வலித்தது. எத்தனையோ குண்டுகளுக்குத் தப்பிய மனுஷன், மத்தியானம் மூன்று மணிக்கு வீட்டில் விழுகிற அமைதிக்குத் தப்ப முடியவில்லை.

அவருடைய பழைய கூட்டாளிகளும் அப்படித்தான். மார்கன் ஃப்ரீமன் நடித்த ஜோ, முதியோர் இல்லத்தில் நோயோடு இருக்கிறார். ஹெலன் மிரன் நடித்த விக்டோரியா அம்மாள், பூ அலங்காரம் செய்துகொண்டு நாகரிகமாக வாழ்கிறாள். "வேலையை விட முடியவில்லை, அவ்வப்போது சின்னதாக ஒன்றிரண்டு எடுத்துக்கொள்கிறேன்" என்ற தோரணையில் ஒரு புன்சிரிப்பு. கடைசியில் விருந்துக்குப் போகிற வெள்ளை கவுனோடு பீரங்கி மாதிரி ஒரு துப்பாக்கியைப் பிடித்து நிற்கிறாள். அந்தப் படம் வந்தபோது ஹெலன் மிரனுக்கு 65 வயது. ரகசிய ஃபைல்களைக் காவல் காக்கும் கிழவராக வந்த எர்னஸ்ட் போர்க்னைனுக்கு 93. அடேயப்பா! 2013ல் இரண்டாம் பாகமும் வந்தது.

நம் தமிழ் விக்ரம்

நம் பக்கம் வருவோம். 1986ல் கமல்ஹாசன் நடித்து 'விக்ரம்' வந்தது. சுஜாதா எழுதிய கதை, ராஜசேகர் டைரக்‌ஷன். காணாமல் போன ராக்கெட்டைத் தேடிப் போகும் இளம் உளவாளி விக்ரம். என் அம்மாவின் தலைமுறை தியேட்டரில் பார்த்த படம் அது. 36 வருஷம் கழித்து, 2022 ஜூன் 3ந் தேதி, அதே பெயரில் லோகேஷ் கனகராஜ் ஒரு படம் கொடுத்தார். இந்த முறை அதே கமல்ஹாசன், நரைத்த தாடியோடு, தாத்தாவாக வருகிறார். இதயக் கோளாறு உள்ள பேரக்குழந்தையைத் தூக்கி வைத்துக்கொண்டு இருக்கிறார். குடிகாரர், ஒன்றுக்கும் உதவாதவர் என்று அக்கம்பக்கம் நினைத்திருந்த மனிதர்தான் ஒரு காலத்தில் ரகசியப் படையில் இருந்தவர் என்று பாதிப் படத்தில் தெரிகிறது.

கமலையும், ஃபகத் ஃபாசிலையும், விஜய் சேதுபதியையும் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள். நான் சொல்ல வந்தது இன்னொருத்தியைப் பற்றி. (படம் பார்க்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடுங்கள், பிறகு என்னைத் திட்டாதீர்கள்.) விக்ரமின் வீட்டில் ஒரு வேலைக்காரப் பெண் இருக்கிறாள். கூட்டுவாள், பெருக்குவாள். அவளை யாரும் கவனிப்பதில்லை, நாமும் கவனிப்பதில்லை. மருமகளையும் குழந்தையையும் குறிவைத்து ரௌடிகள் உள்ளே வரும்போது அவள் நிமிர்கிறாள் பாருங்கள்! 'ஏஜென்ட் டீனா'. விக்ரமின் பழைய படையில் இருந்தவள். இத்தனை காலமும் துடைப்பத்தைக் கையில் பிடித்துக்கொண்டு அந்த வீட்டைக் காவல் காத்தவள். குழந்தையைக் காப்பாற்றச் சண்டை போட்டு உயிரையும் விடுகிறாள். மொத்தமே சில நிமிஷம்தான் இருக்கும். ஆனால் தியேட்டரில் அந்த இடத்துக்கு எழுந்த விசில், பெரிய பெரிய ஹீரோக்களுக்கு எழுந்ததற்குக் குறைந்ததில்லை.

அதில் நடித்த வசந்தி அம்மாள் யார் என்று பிறகு பத்திரிகைகளில் படித்தேன். பல வருஷமாக சினிமாவில் குழு நடனம் ஆடியவர், நடன மாஸ்டருக்கு உதவியாளராக இருந்தவர். கதாநாயகிக்குப் பின்னால் நான்காவது வரிசையில் ஆடியவர்களின் முகம் நமக்கு ஞாபகம் இருக்கிறதா? கதையில் மறைந்திருந்தவளும், நிஜத்தில் மறைந்திருந்தவரும் ஒரே நாளில் வெளியே வந்தார்கள்!

எங்கள் வீட்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டி.வி.யில் 'விக்ரம்' போட்டார்கள். டீனா வருகிற இடத்தில் பிள்ளைகள் கூச்சல் போட்டார்கள். என் மாமியார் மட்டும் சத்தமில்லாமல் பார்த்துக்கொண்டிருந்தார். விளம்பரம் வந்ததும் சொன்னார்: "பாத்தியா? இத்தினி நாளா அந்தப் பொம்பளைகிட்ட யாரும் ஒரு வார்த்தை கேக்கலியே... நீ யாரும்மா, முன்னால இன்னா வேலை செஞ்சுகினு இருந்தேன்னு!"

அந்த ஒரு வாக்கியத்துக்கு எந்த விமரிசனமும் ஈடாகாது. அதைச் சொல்ல அவருக்குத் தகுதியும் இருந்தது.

எங்கள் ஊர் ஏஜென்ட்டுகள்

எங்கள் பக்கம் தோல் சீமை. ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி என்று பாலாற்றுப் பக்கத்து ஊர்கள் எல்லாம் தோலால் பிழைக்கிறவை. 2019ல் வேலூர் மாவட்டத்தை மூன்றாகப் பிரித்தபோது ஆம்பூரும் வாணியம்பாடியும் திருப்பத்தூர் மாவட்டத்துக்குப் போயின. மாவட்டம் மாறினாலும் வாசனை மாறவில்லை! ஆம்பூர் என்றால் வெளியூர்க்காரர்களுக்கு சீரகச்சம்பா பிரியாணியும் கத்தரிக்காய்த் தொக்கும்தான் ஞாபகம் வரும். எங்களுக்கோ, விடிந்ததும் சுற்றுப்பட்டுக் கிராமங்களிலிருந்து பெண்களை ஏற்றிக்கொண்டு வரும் ஷூ கம்பெனி பஸ்கள்தான் ஆம்பூர்.

வெளிநாட்டில் யாரோ ஒரு துரை போட்டுக்கொண்டு நடக்கும் ஷூவின் மேல்பாகத்தை - 'அப்பர்' என்பார்கள் - தைத்தது எங்கள் ஊர்ப் பெண்ணாக இருக்கும். தோலை அச்சு வைத்து வெட்டுவது ஒரு பிரிவு. வெட்டிய தோலின் ஓரத்தை, மடித்துத் தைக்கும்போது தடிமன் தெரியாதபடி மெலிசாகச் சீவுவது ஒரு பிரிவு. பசை தடவி மடிப்பது, தைப்பது, கட்டையில் ஏற்றி வடிவம் கொண்டுவருவது, மெருகு போடுவது, பெட்டியில் அடுக்குவது என்று ஒரு ஜோடி ஷூ எத்தனையோ கை மாறித்தான் வெளியே போகிறது. தைக்கிற பிரிவில் பார்த்தால் வரிசை வரிசையாகப் பெண்கள்தான்.

என் மாமியார் 29 வருஷம் அங்கே மெஷினில் உட்கார்ந்தவர். 58 வயதில் மாலை போட்டு, ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்து வீட்டுக்கு அனுப்பினார்கள். (ஓய்வு பெறுகிறவர்களுக்குக் கடிகாரம் கொடுக்கும் வழக்கத்தை யார் கண்டுபிடித்தாரோ! இனிமேல் நேரம் பார்க்க வேண்டியதே இல்லை என்கிறபோதுதான் கடிகாரம் வருகிறது.) வீட்டில் எல்லோரும் பாசமாகச் சொன்னது ஒன்றுதான்: "போதும் அத்தை, இத்தனை வருஷம் உழைச்சீங்க, இனிமே ரெஸ்ட் எடுங்க."

மூன்று மாதம் ஆயிற்று. விடியற்காலை நாலரைக்கு எழுந்து உட்கார்ந்துகொள்வார். பஸ் வருகிற நேரத்துக்கு வாசலுக்குப் போய் நிற்பார். பஸ் போனதும் உள்ளே வந்துவிடுவார். சாப்பாடு குறைந்தது. ராத்திரி தூக்கம் குறைந்தது. எதைக் கேட்டாலும் ஒரே பதில்: "இனிமே எனக்கு இன்னாத்துக்கு?" புதுப் புடவை எடுக்கலாமா என்றால், இன்னாத்துக்கு? கண்ணாடி மாற்றலாமா என்றால், இன்னாத்துக்கு? அந்தச் சமயத்தில்தான் அவருடைய பி.எஃப். பணம் வந்தது. சொந்தத்தில் ஒருவர், தொழில் தொடங்கப் போவதாகச் சொல்லி, அந்தப் பணத்தை மொத்தமாகக் கேட்டு வந்துவிட்டார். மாமியார் கொடுக்கத் தயாராகிவிட்டார். "எனக்கு இன்னாத்துக்குக் காசு? சின்னஞ்சிறுசுங்க பொழைக்கட்டும்."

29 வருஷத்துக் கூலி அது. முதுகு வலித்தும், முழங்கால் மரத்தும், கைக்குழந்தைக்குப் பால் கட்டிக்கொண்டும் உட்கார்ந்து சம்பாதித்தது. சொந்தக்காரர் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. ஆனால் 'இனிமே எனக்கு எதுக்கு' என்று நினைக்கிற மனசு கையெழுத்துப் போடக்கூடாது. அந்த மனசுக்கு முதலில் வைத்தியம் செய்யவேண்டும்.

நானும் என்னவரும் ராத்திரி உட்கார்ந்து பேசினோம். மறுநாள் என்னவர் தன் அம்மாவிடம் சொன்னார்: "காசைக் குடுக்கறதா வேணாமாங்கறது உன் இஷ்டம். ஆனா ஆறு மாசம் கழிச்சு முடிவு பண்ணும்மா. அதுவரைக்கும் உன் பேர்லயே பேங்க்ல இருக்கட்டும்." சொந்தக்காரருக்கும் அதே பதிலைத்தான் சொன்னோம். கொஞ்ச நாள் முகம் கோணிற்று, பிறகு சரியாகிவிட்டது.

அந்த ஆறு மாதத்துக்குள் வந்ததுதான் நான் சொன்ன 'விக்ரம்' ஞாயிற்றுக்கிழமை. அவர் கேட்ட கேள்வியை என் பெரிய பெண் பிடித்துக்கொண்டாள். "ஆயா, நீ சொல்லு. நீ முன்னால இன்னா வேலை செஞ்சுகினு இருந்தே?"

அன்றைக்கு ஒன்றரை மணி நேரம் பேசினார்! ஒரு அங்குலத்துக்கு எத்தனை தையல் விழவேண்டும், கால் விரல் மடங்குகிற இடத்தில் தோலின் எந்தப் பாகத்தை வைக்கக்கூடாது, ஏற்றுமதிக்குப் போகிற சரக்கில் ஒரே ஒரு தையல் தப்பினால் என்ன ஆகும் என்று. பிள்ளைகள் வாயைப் பிளந்து கேட்டார்கள். நானும்தான். அடுத்த வாரம் பள்ளிக்கூட ஷூ வாங்கக் கடைக்கு அவரையும் கூட்டிப் போனோம். கடைக்காரர் நீட்டிய முதல் ஜோடியைக் கையில் வாங்கி, மூக்குப் பக்கம் வளைத்துப் பார்த்தார். உள்ளே விரலை விட்டுத் தடவினார். "இது ஆறு மாசம் தாங்காது, பின்பக்க ஒட்டு விட்டுடும். மேல் வரிசையில இருக்குதே, அதை எடு." கடைக்காரர் சிரித்துவிட்டு, "அம்மா எந்தக் கம்பெனி?" என்று கேட்டார். மாமியார் முதுகு நிமிர்ந்ததை நான் பார்த்தேன். டீனா நிமிர்ந்தாளே, அப்படி!

இப்போது எங்கள் வீட்டு முன் திண்ணைப் பக்கம் ஒரு பழைய மெஷின் வந்திருக்கிறது. கம்பெனியில் சேர நினைக்கிற தெருப் பெண்கள் இரண்டு மூன்று பேர் சாயந்திரம் வந்து அவரிடம் கை பழகுகிறார்கள். 'கூனிக்கினு உக்காராதே, நாப்பது வயசுல முதுகு போய்டும்' என்பதுதான் முதல் பாடம். பணம் என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். ஆறு மாதம் கழித்து அவரே முடிவு செய்தார். சொந்தக்காரருக்கு ஒரு சின்னத் தொகை. மீதி தபால் ஆபீஸில், அவர் பெயரில்.

எதிர்வீட்டு பாய் ஒருவர், டேனரியில் 35 வருஷம் இருந்தவர். கண்ணை மூடிக்கொண்டு தோலைத் தடவி, ஆட்டுத் தோலா செம்மறித் தோலா என்று சொல்லிவிடுவார். இப்படி எங்கள் தெருவில் வீட்டுக்கு ஒரு ஏஜென்ட் இருக்கிறார். உங்கள் தெருவில் மட்டும் இல்லாமலா இருப்பார்கள்?

நிஜமான ஓர் உளவாளி அம்மாள்

இதெல்லாம் சினிமாவும் வீட்டுக் கதையும்தானே, நிஜ உளவாளி யாராவது உண்டா என்றால், உண்டு. அதுவும் தமிழ்ப் பெண்மணி. சரஸ்வதி ராஜாமணி. 1927ல் ரங்கூனில் வசதியான தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். 16 வயதில் தன் நகைகளையெல்லாம் நேதாஜியின் இந்திய தேசிய ராணுவத்துக்குக் கொடுத்துவிட்டு, தானும் அதில் சேர்ந்தார். அவர் பேட்டிகளில் சொன்ன கதையைக் கேட்டால் எந்த சினிமாவும் நிற்காது. முடியை வெட்டி, 'மணி' என்ற பையனாக வேஷம் போட்டு, பிரிட்டிஷ் அதிகாரிகளிடம் எடுபிடி வேலைக்குப் போய், காதில் விழுந்த செய்திகளைக் கொண்டுவந்து கொடுத்தாராம். வேலைக்காரப் பிள்ளை எதிரில் யார் வாயைப் பொத்திப் பேசுகிறார்கள்? டீனாவின் துடைப்பம் மாதிரிதான் அதுவும். பிடிபட்ட தோழியை மீட்கப் போனபோது காலில் குண்டு பாய்ந்தும், பிடிபடாமல் மூன்று நாள் மரத்தின்மேல் ஒளிந்திருந்ததாகவும் சொல்லியிருக்கிறார்.

சுதந்திரத்துக்குப் பிறகு அந்த வசதியெல்லாம் போய், சென்னையில் எளிமையாக, கஷ்டத்தோடு வாழ்ந்தார். 2005ல் தமிழக அரசு பண உதவியும் குடியிருக்க வீடும் தந்தது. ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. அந்த வயதிலும் அவர் தையல் கடைகளுக்குப் போய், மிஞ்சிய துண்டுத் துணிகளைக் கேட்டு வாங்கிவந்து, துணிமணி தைத்து, அநாதைப் பிள்ளைகளுக்குக் கொடுத்துவந்தார். சுனாமி வந்தபோது தன் பென்ஷனை நிவாரணத்துக்குக் கொடுத்தார். 2018 ஜனவரியில், 91 வயதில் காலமானார்.

'இனிமே எனக்கு எதுக்கு' என்று சொல்ல அவருக்கு இல்லாத காரணமா? துண்டுத் துணியைத் தேடிப் போனாரே!

ஜெயிலரம்மாவுக்கு என்ன பதில்?

2023 ஆகஸ்டில் வந்த 'ஜெயில'ரையும் சொல்லாமல் விடமுடியாது. நெல்சன் டைரக்ட் செய்தது. ரஜினிகாந்த் அதில் உளவாளி அல்ல, திஹார் சிறையில் ஜெயிலராக இருந்து ஓய்வு பெற்றவர். வகை அதே வகைதான். பேரன் வீடியோ எடுக்க உதவி செய்துகொண்டு, வீட்டு வேலை செய்துகொண்டு இருக்கிற தாத்தா, மகனுக்கு ஆபத்து என்றதும் பழைய ஆளாகிறார். முதல் பாதியில் அவரும் யோகி பாபுவும் வருகிற இடமெல்லாம் வயிறு வலிக்கச் சிரித்தோம்.

ஆனால் ஒரு குறை. அவருக்கு மனைவியாக வந்தவர் ரம்யா கிருஷ்ணன். 1999ல் 'படையப்பா'வில் நீலாம்பரியாக வந்து அதே ரஜினியை மிரட்டியவர்! இந்தப் படத்தில் அவருக்குக் கவலைப்படுவதும் அழுவதும்தான் வேலை. ஓய்வு பெற்ற ஆணுக்குப் பழைய வீரம் திரும்பி வரலாமாம். அவரோடு அத்தனை வருஷம் குடித்தனம் நடத்திய பெண்ணுக்குத் திரும்பி வர ஒன்றுமே கிடையாதா? குடித்தனம் நடத்தினவளுக்கு ஓய்வு பெறும் வயது என்று ஒன்று இல்லாததால் இப்படிக் கதை எழுதுகிறார்களோ என்னவோ. இந்த விஷயத்தில் டீனாவுக்கும் விக்டோரியா அம்மாளுக்கும்தான் என் ஓட்டு.

இளம் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. 'விக்ரம்', 'ஜெயிலர்' இரண்டும் யு/ஏ சான்றிதழ் பெற்றவைதான். ஆனால் இரண்டிலும் ரத்தம் அதிகம். 'ஜெயில'ரில் தலையை வெட்டுகிற காட்சியே உண்டு. தாத்தா கதை, பேரன் கதை என்று சின்னப் பிள்ளைகளை உட்கார வைத்துவிடாதீர்கள். இப்போது யு/ஏ-யையே 7, 13, 16 வயது என்று பிரித்துச் சான்று தருகிறார்கள். புதுப் படம் என்றால் அந்த எண்ணைப் பார்த்துவிட்டு டி.வி.யைப் போடுங்கள்.

நம் வீட்டில் செய்ய வேண்டியது

உங்கள் வீட்டிலும் மாமனாரோ, மாமியாரோ, அப்பாவோ, அம்மாவோ ஓய்வு பெறப் போகிறார்களா? எனக்கு அனுபவத்தில் தெரிந்ததையும், டாக்டரம்மா சொல்லிக் கேட்டதையும் எழுதுகிறேன்.

முதல் மூன்று மாதம் பழைய நேரத்தை ஒரேயடியாக மாற்றாதீர்கள். எழுந்திருக்கிற நேரம், குளிக்கிற நேரம், சாப்பிடுகிற நேரம் அப்படியே இருக்கட்டும். பஸ் ஏறப் போகிற நேரத்துக்கு அரை மணி நடந்துவிட்டு வரட்டும்.

'சும்மா இருங்க' என்பதும், 'குழந்தையைப் பாத்துக்கோங்க' என்று மொத்தத்தையும் தலையில் கட்டுவதும் இரண்டும் வேண்டாம். அவருக்குத் தெரிந்த, அவருக்கே உரிய ஒரு வேலை இருக்கட்டும். அது என்ன என்று அவரிடமே கேளுங்கள்.

வேலையில் இருந்தபோது கம்பெனி டீயும் பன்னுமாக ஓடியிருக்கும். இப்போதும் அதுவே ஓடக்கூடாது. தினம் ஒரு முட்டையோ, பருப்போ, சுண்டலோ தட்டில் இருக்கட்டும். காலையில் கேழ்வரகுக் கூழ் நல்லது. சர்க்கரை நோய் உள்ளவர்கள் அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள். ரத்த அழுத்தம், சர்க்கரை, கண் மூன்றையும் பரிசோதித்துவிடுங்கள். சத்தமுள்ள மெஷின் பக்கத்தில் வருஷக்கணக்கில் இருந்தவர்களுக்குக் காதையும் பார்க்க வேண்டும். கூப்பிட்டால் பதில் சொல்லவில்லை என்று நாம் கோபித்துக்கொள்வோம். பாவம், காது கேட்காமல் இருக்கும். நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் பத்து முறை எழுந்து உட்காருவது தொடைக்கும் முழங்காலுக்கும் நல்ல பயிற்சி. முடியாதவர்கள் பிடித்துக்கொண்டு செய்யலாம். வலித்தால் நிறுத்திவிட வேண்டும்.

தூக்கம், பசி, எதிலும் ஆசை - இவை இரண்டு வாரத்துக்குமேல் குறைந்தே இருந்தால், 'வயசாச்சு' என்று தள்ளிவிடாமல் டாக்டரிடம் கூட்டிப் போங்கள். மனச்சோர்வுக்கு மருந்தும் ஆலோசனையும் இருக்கிறது. வயது அதற்குத் தடையில்லை.

பணம் அவர் பெயரில் இருக்கட்டும். பி.எஃப். திட்டத்தில் குறைந்தது 10 வருஷ சர்வீஸ் இருந்தால் 58 வயதில் மாதப் பென்ஷன் உண்டு. 2014 செப்டம்பரிலிருந்து குறைந்தபட்சம் மாதம் 1000 ரூபாய் என்று வைத்தார்கள். இந்தக் காலத்தில் அது எந்த மூலைக்கு என்று கேட்பீர்கள். சிறிய பணம்தான், ஆனால் சொந்தப் பணம்! 60 வயதானவர்களுக்குத் தபால் ஆபீஸில் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் இருக்கிறது. மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டி கைக்கு வரும். ஓய்வு பெற்றவர்கள் சில நிபந்தனைகளோடு 60க்கு முன்பே சேரலாம்; தபால் ஆபீஸில் விசாரியுங்கள்.

பென்ஷன் வாங்குகிறவர்கள் வருஷத்துக்கு ஒருமுறை உயிரோடு இருப்பதற்குச் சான்று கொடுக்க வேண்டும், மறந்துவிடாதீர்கள். என் மாமியாருக்கு விரல் ரேகை மெஷினில் விழவே இல்லை. 29 வருஷம் தோலையும் பசையையும் தொட்ட விரல், தேய்ந்துவிட்டது. "நான்தான் எதிர்லயே நிக்கிறேனே, உயிரோடதான் கீறேன்னு நானே சொல்றேன், போதாதா?" என்று கேட்டார். சுற்றி இருந்தவர்களெல்லாம் சிரித்தார்கள். இப்போது முகத்தைப் படம் பிடித்துச் சரிபார்க்கிற வசதியும் வந்திருப்பதால் அந்தத் தொல்லை குறைந்திருக்கிறது.

சினிமாவில் செத்துப்போனதாக எல்லோரும் நம்பிய உளவாளி, 'நான் உயிரோடுதான் இருக்கிறேன்' என்று வந்து நின்றால் விசில் பறக்கிறது. நம் வீட்டுப் பெரியவர்கள் தினமும் அதைத்தான் ஏதோ ஒரு விதத்தில் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள். எதிரி வந்து கதவை உடைக்கிற வரை நாம் காத்திருக்க வேண்டாம். இன்று சாயந்திரம் காப்பி கொடுக்கும்போதே கேட்டுவிடுங்கள்: "நீங்க முன்னால என்ன வேலை செஞ்சுக்கிட்டு இருந்தீங்க, சொல்லுங்க."

என்ன பதில் வந்தது என்று எனக்கும் ஒரு கடிதம் போடுங்கள், சகோதரிகளே. அடுத்த இதழில் சந்திப்போம்.